பூட்ஸைக் கழற்றிய பிறகு: பாய்ச்சுங் பூட்டியாவும் நிர்வாக மேசையும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கள் வேங்கிக்காலில் கால்பந்து ஆடும் பிள்ளைகளுக்கென்று ஒரு கணக்கு நோட்டு உண்டு. அட்டை கிழிந்து, பசைத்தாள் ஒட்டி, மழையில் ஒருமுறை நனைந்து உலர்ந்த நோட்டு. அதை வைத்திருப்பவர் இளவயதில் மாவட்ட அணிக்கு ஆடியவர். இப்போது முழங்கால் போய்விட்டது. சாயங்காலம் வேலை விட்டதும் வண்டியை வேலூர் சாலை ஓரமாக நிறுத்திவிட்டு மைதானத்துக்கு வந்து, விசிலை ஊதுவதற்கு முன்னால் நோட்டைத்தான் திறப்பார். செலவுப் பக்கம் நிறைந்து கிடக்கும்: பந்து ஒன்று, கோடு போடச் சுண்ணாம்பு, வேன் வாடகை, டோர்னமென்ட் என்ட்ரி பீஸ், 14 பேருக்குச் சாப்பாடு. வரவுப் பக்கத்தில் மூன்று பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒன்று கடைக்காரர். இன்னொன்று வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய ஆட்டக்காரர். மூன்றாவது வரியில் ஆள் பெயர் இருக்காது. "கை" என்று மட்டும் எழுதியிருப்பார். கைக்காசு.

கார்த்திகை தீபத்துக்கு ஊரைச் சுற்றித் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் முளைக்கும் நாட்களில் அந்த நோட்டில் எந்தப் பதிவும் இருக்காது. மைதானம் முழுக்க வண்டிகள் நிற்கும். அவை போன பிறகு சக்கரத் தடத்தில் பிள்ளைகள் கால் மடங்கி விழாமல் மண்ணை நிரவ ஒரு நாள் கூலி, மறுபடியும் "கை".

ஆடியவர் நிர்வாகியாவது என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் இந்த நோட்டுதான் நினைவுக்கு வருகிறது. பந்தை எங்கே தள்ள வேண்டும் என்று தெரிந்த ஒருவர், பந்து வாங்கப் பணம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் பார்க்கும் இடத்துக்கு நகர்கிறார். இரண்டும் ஒரே விளையாட்டைச் சேர்ந்தவை. ஆனால் ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் தேறுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இந்தியாவில் இந்த நகர்வைப் பெரிய அளவில் செய்துபார்த்தவர், செய்து தோற்றவர், பாய்ச்சுங் பூட்டியா. அவருடைய தோல்விகளில் அவர் பங்கு எவ்வளவு, நம் கால்பந்தின் அமைப்புக்குப் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பூட்டியா 1976-ல் தெற்கு சிக்கிமில் டிங்கிடம் என்ற மலைக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை கிடைத்து காங்டாக்கில் படிக்கப் போனார். 1992 சுப்ரதோ கோப்பையில் பள்ளிப் பையனாக ஆடிய அவரைக் கண்டுகொண்டவர் பாஸ்கர் கங்குலி. இந்திய அணியின் கோல்கீப்பராக இருந்தவர். அடுத்த ஆண்டே, பதினாறு வயதில், பூட்டியா கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் சட்டையில் இருந்தார். பாஸ்கர் கங்குலி என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அது இன்னொரு இடத்தில் திரும்பி வரும்.

ஆட்டக்காரராக அவர் சாதித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஊரறிந்ததுதான். 1996-97-ல் முதல் தேசிய கால்பந்து லீக்கை ஜே.சி.டி. வென்றபோது அதிக கோல் அடித்தவர் அவர். 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில், ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில், ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் மோகன் பகானுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். 2003-ல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கிளப் கோப்பையை வென்றதும் அவர் கோல்களால்தான். 2008-ல் டெல்லியில் தஜிகிஸ்தானை 4-1 என்று வென்று ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையை இந்தியா எடுத்த இறுதிப் போட்டியிலும் அவர் ஒரு கோல் அடித்தார். அந்த வெற்றிதான் இந்தியாவை 2011 ஆசியக் கோப்பைக்குள் அனுப்பியது.

நிர்வாகி பூட்டியாவைப் புரிந்துகொள்ள இந்தக் கோல்களைவிட முக்கியமானது இங்கிலாந்தில் அவர் கழித்த காலம். 1999-ல் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கும் பரி என்ற சிற்றூரின் கிளப்பில் சேர்ந்தார். அப்போது அது மூன்றாம் நிலை லீக்கில் இருந்தது. லீக் ஆட்டங்கள் 37, கோல்கள் 3. காயங்கள் ஆட்டிவைத்தன. பந்தாட்டக் கணக்கில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பரி ஒரு பாடப்புத்தகம். 1885-ல் தொடங்கிய கிளப் அது; 1900-லும் 1903-லும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. அப்படிப்பட்ட கிளப் 2002-ல் கடனில் மூழ்கி, நீதிமன்ற வழியில் நியமிக்கப்பட்ட நிர்வாகிகளின் கையில் போய்ச் சேர்ந்தது. ரசிகர்கள் உண்டியல் ஏந்திக் காசு திரட்டினார்கள். பூட்டியா ஊர் திரும்பியதும் அந்த ஆண்டில்தான். கிளப் அப்போது பிழைத்தது. 2019 ஆகஸ்டில் பிழைக்கவில்லை, லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. ஒரு சிற்றூர் அணி எப்படி மூச்சுத் திணறும் என்பதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்த்த இந்திய ஆட்டக்காரர் அவருக்கு முன் யாரும் இல்லை.

2006-ல் இந்தியக் கால்பந்து ஆட்டக்காரர் சங்கத்தைத் தொடங்கி அதன் தலைவரானார். நிர்வாக மேசையை நோக்கி அவர் எடுத்துவைத்த முதல் அடி இதுதான் என்பேன். அந்தக் காலத்தில் கிளப்புகள் சாய்ந்த வேகத்தைப் பார்த்தால் சங்கத்தின் தேவை விளங்கும். கேரளத்தின் எஃப்.சி. கொச்சின் 1997-ல் தொடங்கிய ஆண்டிலேயே டியூரண்ட் கோப்பையை வென்றது. ஐந்தே ஆண்டில் மூடப்பட்டது. மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கடையைக் கட்டியது. முதல் தேசிய லீக்கை வென்ற அதே ஜே.சி.டி. 2011-ல். ஒவ்வொரு முறையும் இருபது முப்பது ஆட்டக்காரர்கள் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். கிளப்பை மூடும் முடிவு எடுக்கப்பட்ட அறையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை.

இங்கே தமிழ்நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மிடம் கிளப்பே கம்மி. சென்னையில் கால்பந்து என்றால் ரொம்ப காலம் அது அலுவலக அணிதான்: ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை, காவல்துறை. நன்றாக ஆடும் பையனிடம் வீட்டில் கேட்கும் கேள்வி, "எந்த டீம்?" என்பதல்ல, "எதுல வேலை போடுவாங்க?" என்பது. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்து, காலையில் பயிற்சி, மதியம் கவுண்டர், சாயங்காலம் மேட்ச். கால் தளர்ந்ததும் மேசைக்குப் போவார். ஆனால் அது வங்கியின் மேசை, அணியின் மேசை அல்ல. பதவி உயர்வு வரும், ஓய்வூதியம் வரும். குடும்பம் காப்பாற்றப்படும். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, எஃப்.சி. கொச்சின் பையன்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கு நேரவில்லை. ஆனால் அணியை நடத்துவது எப்படி, ஒப்பந்தம் எழுதுவது எப்படி, வரவு எங்கிருந்து என்ற அறிவு இரண்டு மூன்று தலைமுறைகளாக நம் ஆட்டக்காரர்களிடம் சேரவே இல்லை.

விதிவிலக்காக ஒருவரைச் சொல்லலாம். சென்னையின் சையத் சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடியவர், பிறகு வங்கி அணிக்கே பயிற்சியாளர். அங்கிருந்து சென்னையின் எஃப்.சி.க்குத் துணைப் பயிற்சியாளராகப் போனார். 2022-ல் தலைமைப் பயிற்சியாளர் பாதியில் விலகியபோது மிச்சமிருந்த ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். 2023-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தொழில்நுட்ப இயக்குநர் ஆனார். அலுவலக அணியிலிருந்து தேசிய அலுவலகம் வரை போன பாதை அது. ஆனால் தொழில்நுட்ப இயக்குநர் சம்பளத்துக்கு நியமிக்கப்படுபவர். பயிற்சித் திட்டம் அவர் கையில் இருக்கும், பணப்பெட்டிச் சாவி இருக்காது.

பூட்டியா சாவியையே கையில் எடுத்துப் பார்த்தார். 2011-ல், சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில், யுனைடெட் சிக்கிம் என்ற கிளப்பைக் கட்டி எழுப்பினார். உரிமையாளர் அவர், முகம் அவர், காலில் வலு இருந்தவரை ஆட்டக்காரரும் அவர். 2012-ல் ஐ-லீக் இரண்டாம் நிலையை வென்று அந்த அணி முதல் நிலைக்கு ஏறியது. காங்டாக்கின் பால்ஜோர் அரங்கில், மலைச்சரிவு தெரிய, நாட்டின் முதல் நிலைக் கால்பந்து நடந்தது.

ஒரே ஒரு பருவம். 2012-13 முடிவில் 14 அணிகளில் கடைசி இடம். கீழே இறங்கிய அணி முதல் நிலைக்குத் திரும்பவே இல்லை.

ஏன்? மேட்ச் அறிக்கைகளில் இதற்கு விடை கிடைக்காது. நிலவரைபடத்தைப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சிக்கிமின் மக்கள்தொகை ஆறு லட்சத்துச் சொச்சம். எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை அதைப்போல நான்கு மடங்கு. சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளப் பெரிய நிறுவனத்தைக் கூப்பிட்டால் அவர்கள் எண்ணுவது தலைகளை. அப்போது சிக்கிமில் விமான நிலையமும் இல்லை. பாக்யோங் 2018-ல்தான் திறந்தது. கோவாவிலும் புனேயிலும் ஆட வேண்டிய அணி, காங்டாக்கிலிருந்து மலைப்பாதையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் இறங்கி பாக்டோக்ராவுக்கு வந்து விமானம் ஏற வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மண் சரியும். ஐ-லீக் கிளப்புக்குத் தொலைக்காட்சியிலிருந்து அணியைத் தாங்கும் அளவுக்குப் பணம் வரவில்லை. மிச்சம் இருப்பது டிக்கெட் காசும் உரிமையாளரின் செல்வாக்கும். எங்கள் நோட்டில் "கை" என்று எழுதியிருக்கும் வரிதான், சில சுழியங்கள் கூடுதலாக.

சங்கத் தலைவராக ஆட்டக்காரரின் சம்பளத்துக்குக் குரல் கொடுத்தவர், இப்போது சம்பளம் கொடுக்கும் இடத்திலும் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாற்காலியிலும் ஒருவரே இருக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் பதில். அவர் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பணநெருக்கடி வரும் நாளில் சம்பளம் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் நலன் வேறு வேறு. ஒருவரே இருவராகவும் இருக்க முடியாது. அனுபவம் உள்ள கிளப் அதிகாரி ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவந்து, தான் ஒதுங்கி நின்றிருந்தால் அணி இன்னும் இரண்டு பருவம் தாக்குப்பிடித்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இதற்கு நேர் எதிரான கதையும் பூட்டியாவின் வாழ்க்கைக்குப் பக்கத்திலேயே வந்து போனது. 2012 ஜனவரி 10 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு அரங்கில் அவருக்கு வழியனுப்பு ஆட்டம். எதிரணி ஜெர்மனியின் பயர்ன் மியூனிக். 4-0 என்று வென்றார்கள். அந்தக் கிளப்புக்கு அப்போது தலைவராக இருந்தவர் ஊலி ஹோனஸ். ஊல்ம் நகரத்துக் கசாப்புக் கடைக்காரரின் மகன். 1974 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் ஆடியவர். முழங்கால் காயம் அவர் ஆட்டத்தைத் தின்றுவிட, 1979 மே மாதம், 27 வயதில், கிளப்பின் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அதே வயதில் மற்றவர்கள் ஆட்டத்தின் உச்சியில் இருப்பார்கள்.

அப்போது பயர்ன் கடன்பட்ட கிளப். தன்னுடன் ஆடிய நண்பர்களைப் பார்த்துக்கொள்வது ஹோனஸின் வேலை அல்ல. விற்பதும் வாங்குவதும் வேலை. 1984-ல் அணியின் ஆகப்பெரிய நட்சத்திரமான ரும்மெனிகெயை இன்டர் மிலானுக்கு ஒரு கோடி மார்க்குக்கும் மேல் விலைக்கு அனுப்பினார். கடன் சுமை இறங்கியது. ரசிகர் மனம் வலித்திருக்கும். ஆனால் அதே ரும்மெனிகெயைப் பின்னாளில் திரும்ப அழைத்துவந்து நிர்வாகத்தில் சேர்த்தார்கள். 2002 முதல் 2021 வரை கிளப்பின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர் அவர்தான். பெக்கன்பாவர், ரும்மெனிகெ, ஹோனஸ் என்று ஒரே தலைமுறை ஆட்டக்காரர்கள் ஒரு நிறுவனத்தை முப்பது ஆண்டுகள் நடத்தினார்கள்.

ஹோனஸைப் புனிதராக்க வேண்டியதில்லை. வரி ஏய்ப்பு வழக்கில் 2014-ல் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். உள்ளே இருந்துவிட்டு வந்தார். 2016-ல் உறுப்பினர்கள் அவரை மறுபடியும் தலைவராக்கினார்கள். இந்தக் கடைசிச் செய்தியில்தான் நமக்கு வேண்டியது இருக்கிறது. தேர்ந்தெடுத்தது உறுப்பினர்கள். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடமே இருக்க வேண்டும் என்பது விதி. பயர்னில் 75 விழுக்காடு பங்கு சங்கத்துடையது; அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் மிச்சத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சந்தா கட்டும் சாதாரண ஆள் கை தூக்கினால்தான் முன்னாள் ஆட்டக்காரர் தலைவர். ஹோனஸ் திறமைசாலி என்பது உண்மை. அந்தத் திறமைக்கு அடியில் பலமான தரை இருந்தது என்பதும் உண்மை. பூட்டியாவுக்கு அந்தத் தரை கிடைக்கவில்லை.

அதைப் போடும் முயற்சி ஒன்று 2022-ல் நடந்தது. அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் தேர்தல் காலம் கடந்து இழுத்துக்கொண்டே போக, அந்த ஆண்டு மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பிரஃபுல் படேல் தலைமையிலான நிர்வாகத்தை விலக்கி மூவர் குழு ஒன்றை அமர்த்தியது. நீதிபதி அனில் தவே, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் எஸ்.ஒய். குரேஷி, மூன்றாவதாக ஓர் ஆட்டக்காரர்: பாஸ்கர் கங்குலி. பதினாறு வயதுப் பூட்டியாவைக் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்த அதே மனிதர். குழு முன்வைத்த ஏற்பாட்டில் 36 மாநில, ஒன்றியப் பகுதிச் சங்கங்களுக்கு 36 வாக்கு, முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு 36 வாக்கு. சரிபாதி. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த நாட்டில் எந்த விளையாட்டிலும் ஆடியவருக்கு அப்படி ஓர் இடம் யாரும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் ஆகஸ்ட் நடுவில் ஃபிஃபா இந்தியாவை இடைநீக்கம் செய்தது. மூன்றாம் தரப்புத் தலையீடு என்பது காரணம். கோகுலம் கேரளா மகளிர் அணி ஆசியக் கிளப் போட்டிக்குத் தாஷ்கண்ட் வரை போய், ஆட முடியாமல் நின்றது. அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட மகளிர் உலகக் கோப்பை கைநழுவும் நிலை. ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் குழுவைக் கலைத்தது. நான்கு நாளில் தடை நீங்கியது. ஆட்டக்காரரின் 36 வாக்கும் அதோடு போயிற்று.

செப்டம்பர் 2 அன்று தேர்தல். வாக்களித்தவர்கள் மாநிலச் சங்கங்களின் பிரதிநிதிகள் மட்டும். பூட்டியாவின் பெயரை முன்மொழிந்தது ஆந்திரம், வழிமொழிந்தது ராஜஸ்தான். எதிரில் கல்யாண் சௌபே; மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் கோல்கீப்பராக இருந்தவர், 2019-ல் பாரதிய ஜனதா கட்சியின் மக்களவை வேட்பாளர். முடிவு 33-1. முன்மொழியவும் வழிமொழியவும் இரண்டு சங்கங்கள் இருந்தும் பெட்டியில் விழுந்தது ஒரு வாக்கு.

சம்மேளனத்தின் 85 ஆண்டு வரலாற்றில் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் தலைவரானது அதுவே முதல் முறை. ஆகவே யார் வென்றிருந்தாலும் ஆட்டக்காரர் வென்றார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஆட்டக்காரர் தலைவராவதும் ஆட்டக்காரர்களின் வாக்கில் தலைவராவதும் வேறு வேறு. யாருடைய வாக்கில் வந்தாரோ அவர்களுக்குத்தான் தலைவர் பதில் சொல்வார். பூட்டியாவையும் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரரான ஐ.எம். விஜயனையும் நிர்வாகக் குழுவில் இணைத்துக்கொண்டார்கள். ஆனால் 2024 ஜூலையில் தேசிய அணிக்கு மனோலோ மார்க்கெஸ் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டபோது, அந்தத் தேர்வில் தொழில்நுட்பக் குழுவைக் கலக்கவே இல்லை என்று சொல்லிப் பூட்டியா அந்தக் குழுவிலிருந்து விலகினார். நாற்காலி கொடுத்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஒப்புதல் அளித்த புதிய அமைப்பு விதிகளில் முன்னாள் ஆட்டக்காரர்களுக்குப் பொதுக்குழுவில் 15 இடம் உண்டு. 36 அல்ல, 15. நீதிபதி நாகேஸ்வர ராவ் தயாரித்த வரைவின் அடிப்படையில் வந்தது. அதிலும் பெண்களுக்குக் குறைந்தது ஐந்து என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கணக்கில் சிறியது, ஆனால் இடைநீக்கத்துக்குப் பயந்து யாரும் பிடுங்கிவிட முடியாத எண்.

இருந்தாலும் அந்த 33 வாக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் டெல்லியில் நிற்காது. சம்மேளனத்தில் வாக்களிப்பது மாநிலச் சங்கம். மாநிலச் சங்கத்தைத் தேர்ந்தெடுப்பது மாவட்டச் சங்கங்கள். மாவட்டச் சங்கத்துக்கு ஆள் அனுப்புவது ஊர் கிளப்புகள். பதிவு எண் வாங்கி, சந்தா கட்டி, ஆண்டுக் கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடும் கிளப்புகள். பூட்டியா மேலிருந்து கீழே வர முயன்றார். ஹோனஸ் நின்ற தரை கீழிருந்து மேலே போட்டது. நம் ஊர்களில் பழைய ஆட்டக்காரர்கள் பயிற்சி கொடுக்க வருகிறார்கள், நடுவராக நிற்க வருகிறார்கள், கோப்பை கொடுக்க மேடை ஏறுகிறார்கள். கூட்டத்துக்கு மட்டும் வருவதில்லை. "அது அரசியல், நமக்கெதுக்கு" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். அந்த ஒதுங்கலின் கூட்டுத்தொகைதான் 33-1 என்று எனக்குத் தோன்றுகிறது.

போன வாரம் நோட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். கோல் போஸ்ட் கம்பத்தில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் பக்கத்தில் பூட்ஸ் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் கிழிந்த சோலுக்குள் அட்டை வெட்டி வைத்திருந்தான். "நம்ம டீமுக்கு இன்னும் ரெஜிஸ்ட்ரேஷன் கூடக் கிடையாதே சார்," என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைத் திறந்து, செலவுப் பக்கத்தில், வேன் வாடகைக்குக் கீழே, "சங்கப் பதிவு" என்று எழுதிவிட்டுத் தொகைக்கான இடத்தைக் காலியாக விட்டார்.